தராசில் ஏற்றும் முன் எழுத்தைப் பாருங்கள்

சங்கரன்கோவிலிலும் சுற்றுவட்டாரத்திலும் பழைய இரும்புக் கடை நடத்தும் அண்ணாச்சிமார்களுக்கு,



ஒரு விசைத்தறிக்கூடம் மூடப்பட்டால் அதன் சாமான்கள் எந்த வரிசையில் கடைக்கு வரும் என்பது உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மோட்டார் முதலில் கைமாறும். அதற்கு எப்போதும் ஆள் உண்டு. செம்பும் பித்தளையும் தனியாகப் பிரியும். தறியின் பக்கச் சட்டங்களை உடைத்து வண்டியில் போடுவார்கள். எல்லாம் முடிந்த பிறகு, ஃபிட்டர் நின்று வேலை பார்த்த மேசையிலிருந்து கழற்றிய ஒரு வைஸ் வரும். கிரீஸும் பஞ்சுத் தூசும் அப்பிக் கருத்திருக்கும். ஆறு அங்குல வைஸ் என்றால் இருபது கிலோவைத் தாண்டும். தராசுக்கு அது கனமான வார்ப்பிரும்பு, அவ்வளவுதான்.

அந்த இருபது கிலோவுக்காகத்தான் இந்த மடல். தராசில் ஏற்றுவதற்கு முன் அதற்குக் கொஞ்ச நேரம் ஒதுக்க வேண்டும் என்பதே கோரிக்கை. எது உருக்காலைக்குப் போக வேண்டியது, எது இன்னும் ஒரு தலைமுறைக்குப் பட்டறையில் உழைக்கும் என்று பிரித்துப் பார்க்கக்கூடிய கடைசி இடம் உங்கள் கடை வாசல். அங்கிருந்து லாரி ஏறிவிட்டால் பெயர், வயது, வந்த ஊர் எல்லாம் ஒரே உலைக்குள் போய்விடும்.

இந்தப் பக்கத்தில் இங்கிலாந்து வைஸ் தட்டுப்பட்டால் அதில் அதிசயம் எதுவும் இல்லை. 1880களில் ஹார்வி சகோதரர்கள் பாபநாசத்துத் தாமிரபரணித் தண்ணீரை நம்பி விக்கிரமசிங்கபுரத்தில் நூற்பாலை வைத்தார்கள். அவர்கள் நிர்வாகத்தில் இருந்த தூத்துக்குடி கோரல் மில்லில்தான் 1908-இல் வ.உ.சி. முன்னின்று நடத்திய வேலைநிறுத்தம் நடந்தது. வடக்கே ராஜபாளையத்தில் 1936-இல் ராஜபாளையம் மில்ஸ் வந்தது. அந்தக் காலத்தில் நூற்பு எந்திரம் என்றாலே லங்காஷயர்தான். ஓல்டாம் நகரத்து பிளாட் சகோதரர்களின் எந்திரங்கள் உலகமெங்கும் போயின. ஆயிரக்கணக்கான கதிர்கள் சுழலும் ஓர் ஆலைக்குள் ஒரு மெக்கானிக் ஷாப் இல்லாமல் இருக்க முடியாது. அந்த ஷாப்பின் அரமும் ஸ்பானரும் வைஸும் பெரும்பாலும் அதே திசையிலிருந்துதான் கப்பல் ஏறியிருக்கும். அடுத்த வழி ரயில்வே. தென்னிந்திய ரயில்வே தன் நாகப்பட்டினத்துப் பணிமனையை 1928-இல் திருச்சி பொன்மலைக்கு மாற்றியது. இப்படிப்பட்ட இடங்களில் கழித்துக்கட்டிய கருவிகள் ஏலத்துக்கு வரும். ஏலம் எடுத்தவரிடமிருந்து லேத் பட்டறைக்கு, அங்கிருந்து தறிக்கூடத்துக்கு, கடைசியில் உங்களிடம்.

சரி, பெயரை எப்படிப் படிப்பது? பட்டறை வைஸுக்கு வருடத்தில் ஒரு நாள்தான் முகம் கழுவுவார்கள். ஆயுத பூஜைக்கு முதல் நாள் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, மறுநாள் சந்தனமும் குங்குமமும் வைக்கும்போது பக்கவாட்டில் புடைத்திருக்கும் எழுத்துகள் கண்ணில் படும். பூஜை முடிந்து வேலை தொடங்கியதும் அரப்பொடி மறுபடி மூடிவிடும். உங்கள் கடையில் அவ்வளவு காத்திருக்கத் தேவையில்லை. கம்பி பிரஷ்ஷால் இரண்டு பக்கமும் தேய்த்துவிட்டு, ஒரு சாக்பீஸைப் படுக்கவைத்து மேலே இழுத்தால் போதும். புடைத்த எழுத்தில் மட்டும் வெள்ளை ஒட்டும், பள்ளம் கருப்பாகவே நிற்கும். பிறகு செல்போனில் ஒரு படம். கிரைண்டரை மட்டும் அந்தப் பக்கம் கொண்டுபோக வேண்டாம். நூறு வருட எழுத்தை அரை நிமிடத்தில் வழித்தெடுத்துவிடும்.

அதிகம் எதிர்பார்க்கக்கூடிய பெயர் ரெக்கார்டு. ஷெஃபீல்டில் 1898-இல் தொடங்கிய சி அண்ட் ஜே ஹாம்ப்டன் கம்பெனியின் முத்திரைப் பெயர் அது. நீல வண்ணம் அதன் அடையாளம். பெயரோடு ஒரு எண்ணும் இருக்கும். அந்த எண்ணை அங்குலம் என்று எடுத்துக்கொண்டு பலர் ஏமாறுவதுண்டு. 3 என்று போட்டிருந்தால் தாடையின் அகலம் நான்கு அங்குலம். 1 என்றால் மூன்று அங்குலம். ஆனால் ஐந்துக்கும் ஆறுக்கும் எண்ணும் அங்குலமும் ஒத்துப்போகும். 52 என்று இருந்தால் அது தச்சர் வைஸ், பெஞ்சுக்கு அடியில் பொருத்துவது, தாடை ஏழு அங்குலம். இரும்பு வேலைக்காரரிடம் அதைக் காட்டினால் உதட்டைப் பிதுக்குவார். ஆசாரியிடம் காட்டுங்கள்.

யார்க்ஷயரின் ஷிப்லியில் இருந்த பார்க்கின்சன் கம்பெனியின் வைஸ் வேறு ரகம். உடலில் ‘பார்க்கின்சன்ஸ் பெர்ஃபெக்ட் வைஸ்’ என்று பெயர் இருக்கும். அக்ரிங்டனில் என்ட்விசில் அண்ட் கென்யன் என்று ஒரு கம்பெனி. கம்பளம் கூட்டும் யூபேங்க் எந்திரத்துக்குப் பெயர் வாங்கியவர்கள், வைஸும் வார்த்தார்கள். இவை தவிர வோடன், பாராமோ என்ற பெயர்களும் இங்கிலாந்து வைஸ்களில் உண்டு. அமெரிக்க வைஸ் நம் பக்கம் அபூர்வம். வந்தால் இரண்டு விஷயம் தெரிந்திருப்பது நல்லது. ஒன்று, பேடன்ட் எண். பத்து லட்சத்தாவது அமெரிக்கக் காப்புரிமை 1911-இலும், இருபது லட்சத்தாவது 1935-இலும், முப்பது லட்சத்தாவது 1961-இலும் வழங்கப்பட்டன. ஆகவே வார்ப்பில் ஏழு இலக்க எண் ஒன்று இருந்தால், அந்த வைஸ் எந்த வருடத்துக்குப் பிந்தியது என்று உட்கார்ந்த இடத்திலேயே கணக்குப் போடலாம். இன்னொன்று வில்டன். சிகாகோவில் 1941-இல் தொடங்கிய அந்தக் கம்பெனியின் வைஸில், நகரும் தண்டின் அடிப்பக்கம் மாதமும் வருடமும் குத்தியிருப்பார்கள். பழைய வைஸ்களில் அது செய்த தேதி அல்ல, ஐந்து வருட உத்தரவாதம் முடியும் தேதி. ஐந்தைக் கழித்தால் பிறந்த வருடம்.

கொல்லுப்பட்டறையிலிருந்து வருவது பெரும்பாலும் லெக் வைஸ், அதாவது தரையைத் தொடும் நீண்ட காலுள்ள வைஸ். இது வார்ப்பு அல்ல, அடித்துச் செய்த இரும்பு. மேலே விழும் சம்மட்டி அடியைக் கால் வழியாகத் தரை வாங்கிக்கொள்ளும். அதனால்தான் கொல்லர்கள் வேறு வைஸைத் தொடுவதில்லை. டட்லி நகரத்து பீட்டர் ரைட் என்ற பெயர் குத்தியிருந்தால் அதை விட்டுவிட வேண்டாம். அதே பெயர் பட்டடைக்கல்லின் பக்கவாட்டிலும் வரும், கூடவே மூன்று எண்கள். 1-2-10 என்று இருந்தால் முதல் எண் 112 பவுண்டின் மடங்கு, இரண்டாவது 28 பவுண்டின் மடங்கு, மூன்றாவது மிச்சப் பவுண்டு. மொத்தம் 178 பவுண்டு, ஏறக்குறைய 81 கிலோ. தராசு வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு பிடித்திருக்கும் என்பதால் இடையில் சொல்லியாயிற்று.

போலிகளைப் பற்றியும் கொஞ்சம். அசல் வைஸையே அச்சாக மணலில் புதைத்து எடுத்து வார்க்கும் வழக்கம் உலகமெங்கும் உண்டு. அதைப் பிடிக்க ஒரு வழி இருக்கிறது. உருகிய வார்ப்பிரும்பு இறுகும்போது நூற்றுக்கு ஒரு பங்கு சுருங்கும். ஓர் அடிக்கு எட்டில் ஓர் அங்குலம் என்பது வார்ப்படக்காரர்களின் கணக்கு. அச்சுக் கட்டையைத் தனியாகச் செய்பவர்கள் அந்த அளவைக் கூட்டியே செய்வார்கள். அசலை அச்சாக வைப்பவருக்கு அந்த வசதி கிடையாது. அதனால் கடையாத, வார்த்தபடியே விட்ட இடங்களில் அளந்தால், நான்கு அங்குலத்துக்கு ஒரு மில்லிமீட்டர் குறையும். எழுத்தின் ஓரங்களும் மழுங்கி, சோப்பில் பதித்ததுபோல் இருக்கும்.

ஆனால் போலி வேறு, உள்நாட்டுச் சரக்கு வேறு. ஜலந்தரிலும் லூதியானாவிலும் வார்த்த வைஸ்களைப் பழைய பொருள் சேகரிப்பவர்கள் திரும்பிப் பார்ப்பதில்லை. அது வெறும் பகட்டு. ஜலந்தரின் அனந்த் கம்பெனி இழைப்புளிகளையும் தச்சர் வைஸ்களையும் ஆங்கிலேய மாதிரியில் செய்து உலகமெங்கும் விற்றது. பேட்டை ஐ.டி.ஐ. போன்ற இடங்களில் படித்துவிட்டு வந்த ஃபிட்டர்களில் எத்தனையோ பேர் முதல் மாதம் முழுக்க அரம் இழுத்துப் பழகியது உள்நாட்டு வைஸ்களில்தான். ஸ்குருவும் நட்டும் நன்றாக இருக்கிற பஞ்சாப் வைஸ், விரிசல் விட்ட ரெக்கார்டைவிட ஒரு பட்டறைக்குப் பலமடங்கு உதவும். ‘மேட் இன் இங்கிலாந்து’ என்ற எழுத்தைப் பார்த்ததும் மயங்கிவிட வேண்டாம். எழுத்து வேலை பார்க்காது.

இப்போது சொல்லப்போவதுதான் உங்கள் கடைக்கு மிகவும் உபயோகப்படக்கூடியது. சில வைஸ்களில் கைப்பிடியைச் சுற்றினால் ஸ்குரு சும்மா சுழலும், தாடை நகராது. கையால் இழுத்தால் முழுசாக வெளியே வந்துவிடும். ‘மரை போச்சு’ என்று தூக்கிப் போட்டுவிடுவது வழக்கம். கைப்பிடிக்குப் பக்கத்தில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு நெம்புகோல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் அது பார்க்கின்சன் வகை, விரைவாகத் திறக்கும் வைஸ். அதன் நட்டு முழு வளையம் அல்ல; பாதியாக வெட்டிய தொட்டில். நெம்புகோலை அழுத்தினால் அந்த அரை நட்டு ஸ்குருவை விட்டுக் கீழே இறங்கும். தாடையை வேண்டிய இடத்துக்குத் தள்ளிவிட்டுக் கையை எடுத்தால் ஸ்பிரிங் அதை மறுபடி மேலே தூக்கி மரையில் கோர்க்கும். மரையின் பல்லும் ஒரு பக்கம் செங்குத்தாக, மறுபக்கம் சாய்வாக இருக்கும், இறுக்கும் திசையில் மட்டும் பாரம் தாங்குவதற்காக. பல வருட கிரீஸ் அரப்பொடியோடு கலந்து இறுகிப்போனால் அரை நட்டு மேலே எழாது. ஸ்பிரிங் ஒடிந்திருந்தாலும் அதே கதைதான். மண்ணெண்ணெயில் ஊறவைத்துப் பல் துலக்கும் பிரஷ்ஷால் உள்ளே தேய்த்தாலே பாதி வைஸ்கள் உயிர் பெற்றுவிடும். மரை போனது என்று எடைக்குப் போன எத்தனை வைஸ்கள் உண்மையில் வெறும் அழுக்கால் செத்தவையோ!

அடுத்தது விரிசல். முதல் சாட்சி கைப்பிடிக் கம்பி. அது வளைந்திருந்தால் யாரோ அதில் பைப் சொருகி இறுக்கியிருக்கிறார்கள். அப்படியானால் நகரும் தாடையின் கழுத்து, நட்டு உட்காரும் இடம், அடியில் போல்ட் போடும் காதுகள் ஆகிய மூன்றையும் கண்ணால் மட்டும் பார்த்தால் போதாது. சந்தேகமான இடத்தைச் சுத்தமாகத் துடைத்து மண்ணெண்ணெய் தடவிக் கொஞ்ச நேரம் விடுங்கள். பிறகு உலர்ந்த துணியால் நன்றாகத் துடைத்துவிட்டுச் சாக்பீஸ் பொடியைத் தூவுங்கள். விரிசல் இருந்தால் உள்ளே போயிருந்த மண்ணெண்ணெய் மெல்லக் கசிந்து, வெள்ளைப் பொடியில் தலைமுடி போல ஒரு கருங்கோடு தானாக ஓடும். எக்ஸ்ரே இல்லாத காலத்துப் பட்டறை வித்தை இது, இன்னும் செல்லும்.

காதில் விரிசல் என்றால் பயம் இல்லை. சூடாக்கிப் பித்தளை பிரேசிங் போடலாம், அல்லது நிக்கல் ராடு வைத்து ஒட்டலாம். எப்படிச் செய்தாலும் வார்ப்பிரும்பைச் சட்டென்று ஆறவிடக்கூடாது. சாம்பலிலோ சுண்ணாம்புப் பொடியிலோ புதைத்து ஒரு ராத்திரி விட வேண்டும். தாடைக் கழுத்திலேயே விரிசல் என்றால் அந்த வைஸ் உருக்காலைக்குப் போகட்டும். அங்கே ஒட்டு நின்றாலும் அதை நம்பி ஒருவர் பலத்தோடு இறுக்கக்கூடாது.

துருவுக்கு வருவோம். கிரீஸைப் போக்குவதற்காக வைஸைத் தீயில் போட்டு எரிக்கும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். தாடைத் தகடுகள் பதம் ஏற்றிய எஃகு. தீயில் பதம் இறங்கிவிட்டால் அதில் வெட்டிய கட்டங்கள் ஒரே மாதத்தில் மழுங்கும். ஸ்பிரிங்கும் சோர்ந்துபோகும். அசையாத ஸ்குருவுக்கு மண்ணெண்ணெயும் பொறுமையும்தான் மருந்து. நாள்தோறும் கொஞ்சம் ஊற்றி, மரச்சுத்தியலால் லேசாகத் தட்டி, முன்னும் பின்னும் கால் சுற்று அசைத்துப் பார்க்க வேண்டும்.

முழுதும் துருவேறியதற்குத் தண்ணீர்த் தொட்டி முறை நல்லது. பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர், அதில் சலவை சோடா, பக்கத்தில் 12 வோல்ட் பேட்டரி சார்ஜர். நெகட்டிவ் கம்பி வைஸுக்கு, பாசிட்டிவ் கம்பி ஏதாவது ஓர் உதவாக்கரை இரும்புத் தகட்டுக்கு. மாற்றிக் கொடுத்தால் தகடு பிழைக்கும், வைஸ் கரையும். தகடாக எவர்சில்வரைப் போடக்கூடாது, அதிலுள்ள குரோமியம் நஞ்சாக மாறித் தண்ணீரில் கலக்கும். சோடாவுக்குப் பதில் உப்பைப் போட்டால் குளோரின் வாயு கிளம்பும். வைஸிலிருந்து எழும் குமிழி ஹைட்ரஜன் என்பதால் தொட்டி திறந்த வெளியில்தான் இருக்க வேண்டும். பக்கத்தில் பீடி கூடாது. மறுநாள் எடுத்துத் தேய்த்தால் துரு கருஞ்சேறாக உதிரும், நல்ல இரும்பில் ஒரு கீறல்கூட விழுந்திருக்காது.

சின்ன உதிரிகளுக்கு இதெல்லாம் வேண்டாம். எலுமிச்சைக்குப் பேர்போன புளியங்குடி இந்தப் பக்கம்தான் இருக்கிறது. சந்தையில் கழித்த பழத்தின் சாற்றிலேயே திருகாணிகளை ஊறவைக்கலாம். ஊறிய பிறகு சோடா தண்ணீரில் அலசி, உடனே துடைத்து எண்ணெய் பூசிவிட வேண்டும். ஸ்பிரிங்கை மட்டும் அமிலத்தில் போடாதீர்கள், உள்ளுக்குள் நொறுங்கிப்போகும்.

உதிரி மாற்றும்போது ஒரு சிக்கல் வரும். பழைய இங்கிலாந்து வைஸின் திருகாணி விட்வொர்த் மரை. ஜோசப் விட்வொர்த் 1841-இல் வகுத்த அந்த மரையின் கோணம் 55 டிகிரி. இன்று கடையில் கிடைக்கும் மெட்ரிக் போல்ட் 60 டிகிரி. தாடைத் தகட்டைப் பிடிக்கும் திருகாணி தொலைந்துவிட்டால், கைக்குக் கிடைத்த மெட்ரிக்கை முறுக்கி ஏற்றுவதுதான் நடக்கிறது. வார்ப்பிரும்புத் துளையின் மரை அதோடு காலி. அமெரிக்க வைஸ் என்றால் அரை அங்குல போல்ட்டுக்கு அங்குலத்தில் 13 மரை, இங்கிலாந்துக்கு 12. ஒரு மரைதான் வித்தியாசம், ஆனால் இரண்டு சுற்றுக்கு மேல் போகாது. மரை அளக்கும் கேஜ் எந்த லேத் பட்டறையிலும் இருக்கும். தேய்ந்த நட்டுக்குக் கன்மெட்டலில் புதிதாகச் சதுர மரை வெட்டிக் கொடுக்கும் டர்னர்கள் இந்த ஊரிலேயே இருக்கிறார்கள். தறிக்கு உதிரி செய்து பழகிய கைக்கு இது பெரிய வேலை அல்ல.

பெயின்ட் விஷயத்தில் ஒரே வேண்டுகோள்: எழுத்துக்குத் தங்க நிறம் பூச வேண்டாம்.

விலையைப் பேசாமல் முடித்தால் நீங்கள் சிரிப்பீர்கள். அமெரிக்காவில் இன்ன வைஸ் இத்தனை டாலருக்குப் போனது என்று செல்போனில் பார்த்துவிட்டு அதே தொகையைச் சங்கரன்கோவிலில் சொன்னால் சரக்கு கடையிலேயே கிடக்கும். எடைக்கு வாங்கிய காசுக்கும், வேலை செய்யும் நிலையில் ஒரு வைஸின் மதிப்புக்கும் நடுவே நியாயமான ஒரு லாபம் இருக்கிறது. அது உங்கள் கைக்கு வரட்டும். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் அலமாரியில் வைக்க வாங்குபவர்கள் வருவார்கள், கூடுதலும் கொடுப்பார்கள். கொடுக்க வேண்டாம் என்று சொல்ல முடியாது. ஆனால் புதிதாக வெல்டிங் பட்டறை போடும் பையன் ஒருவன், முழங்கை உயரத்துக்கு மேசை அடித்துவிட்டு நல்ல வைஸுக்காக அலைகிறான் என்றால், முதல் உரிமை அவனுக்கு இருக்கட்டும். ஆலை ஃபிட்டர்கள் ஐம்பது அறுபது வருடம் உழைக்க வைத்த கருவி கண்ணாடிக்குப் பின்னால் போவது, உருக்காலைக்குப் போவதைவிடக் கொஞ்சம்தான் மேல்.

இன்னொரு வேலையும் உங்களால் மட்டுமே ஆகும். இந்த வைஸ் எந்த மில்லிலிருந்து, எந்த ஏலத்தில், எந்த வருடம் வந்தது என்பதை எந்தப் புத்தகத்திலும் யாரும் எழுதி வைத்ததில்லை. கொண்டுவந்து போடுகிறவர் வாயில்தான் அது இருக்கிறது. காசை எண்ணிக் கொடுக்கும்போது ஒரு கேள்வி கேட்டால் போதும். விடையை பில் புத்தகத்தின் பின்பக்கம் எழுதி, வைஸின் படத்தோடு வாங்குபவரிடம் கொடுத்துவிடுங்கள். பெயின்ட் அடிக்காத அடிப்பக்கத்தில் பழைய ஆலைக்காரர்கள் தங்கள் சரக்கு எண்ணைக் குத்தியிருப்பதும் உண்டு, திருப்பிப் பார்க்கவும்.

உடைந்த வைஸ் வந்தாலும் மொத்தமாகப் போட்டுவிட வேண்டாம். தாடைத் தகடு, கைப்பிடி, ஸ்பிரிங் ஆகியவற்றைத் தனியே எடுத்து வையுங்கள்; எங்கோ ஒரு வைஸ் அந்த ஒரு உருப்படிக்காகச் சும்மா கிடக்கிறது. ஸ்குருவும் நட்டும் ஒன்றோடொன்று தேய்ந்து பழகிய ஜோடி, வேறு ஜோடியோடு சேராது. அவற்றைக் கழற்றியதும் நட்டை ஸ்குருவிலேயே ஏற்றி, மேலே கொஞ்சம் கிரீஸ் தடவி, கட்டுக்கம்பியால் சுற்றி, எந்தக் கம்பெனி, எத்தனை அங்குலம் என்று எழுதிய அட்டை ஒன்றைத் தொங்கவிட்டு வையுங்கள்.

இப்படிக்கு,
பழைய கருவிகளைப் புழக்கத்தில் பார்க்க விரும்பும் ஒரு வாசகர்